சலவைக்கடையில் ஓர் ஈரத்துணி

என் தங்கை மகள் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் ஆணியைத் தேடுவாள். மற்றவர்கள் உட்கார நாற்காலி பார்ப்பார்கள், இவள் சுவரைப் பார்ப்பாள். ஆணி கண்ணில் பட்டதும் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, தண்ணீரில் முக்கிப் பிழிந்து, அதில் மாட்டுவாள். வந்த வேலையைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான். ரொட்டி சுடும் கூடம், பஸ் பட்டறை, தகரம் வேய்ந்த பள்ளிக்கூடம், எங்கே போனாலும் இதே கதை. ஒரு தையல்கடைக்காரர் பொறுக்க முடியாமல், "ஏம்மா, துணி காயப்போட உனக்கு வீடு இல்லையா?" என்றே கேட்டுவிட்டார்.

அவள் பத்திரிகையில் எழுதுகிறவள். எங்களுக்கு அவள் சின்னவள், அவள் அண்ணன் பெரியவன், அவ்வளவுதான். மரத்தைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் எழுத ஆரம்பித்து, பூமி சூடாகிக்கொண்டே போகிறது என்று எழுதி, கடைசியில் அந்தச் சூட்டில் நின்று வேலை செய்கிற ஆட்களிடம் வந்து நின்றாள். எழுதியதோடு விடுகிறவளும் இல்லை. பட்டறைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நகராட்சி வாசலில் அட்டையைப் பிடித்தபடி நிற்பாள். வெயில் உச்சியில் இருக்கும்போது வேலையை நிறுத்த வேண்டும், காற்று வர வழி விட வேண்டும் என்பதுதான் அவள் கேட்பது. அவள் பிடிவாதத்தால் ஒரு பள்ளிக்கூடத்துக் கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். பஸ் பட்டறையில் சுவரை இடித்து ஜன்னல் வைத்தார்கள். அதற்குமேல் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. கேலிக் கடிதம் மட்டும் கட்டுக் கட்டாக வந்தது.

துணி எதற்கு என்று நானும் ஒருநாள் கேட்டேன்.

"பெரியம்மா, நம்ம உடம்பைக் குளிர வைக்கிறது வேர்வைதான். அது காஞ்சாத்தான் உள்ள இருக்கிற சூடு வெளிய போகும். ஈரத்துணி காயாத இடத்துல வேர்வையும் காயாது. அங்க ஒரு ஆள் நின்னு வேலை செஞ்சா உள்ளுக்குள்ளயே வெந்துபோவான்" என்றாள்.

ஒரு கல்லூரிக்காரர்கள் கொடுத்த கருவியும் அவளிடம் உண்டு. காற்றின் சூட்டையும் ஈரத்தையும் எண்ணாகக் காட்டும். ஆனால் கருவியை நீட்டினால் முதலாளிமார்கள் சண்டைக்கு வருவார்கள். துணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் யாரும் வாய் திறப்பதில்லை.

அந்தத் துணி, அவள் அப்பாவின் பழைய சட்டையில் கிழித்தது.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட இடம் ஒரு சலவைக்கடை. கடைக்கு மேலே வீடு. தங்கை வீட்டுக்காரர் நல்ல மனுஷன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். ஒரு வெயில் காலத்து மத்தியானம் இஸ்திரி மேஜை மேலேயே சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த வீட்டு ஆண்களுக்கு நெஞ்சு பலவீனம் என்று எங்கள் சொந்தத்தில் பழைய பேச்சு உண்டு. அவருடைய அண்ணனும் அப்படித்தான் போனார், அப்பாவும் அப்படித்தான் போனார். பெண் கொடுக்கும்போதே என் அம்மா இதைச் சொல்லி முணுமுணுத்தாள்.

சில வருஷம் கழித்து, சின்னவள் படிப்பை முடித்துப் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தாள். யாரோ எழுதிய ஏதோ ஒரு கட்டுரை, வெப்பத்தால் ஆட்கள் சாவதைப் பற்றி, திருத்துவதற்காக அவள் மேஜைக்கு வந்தது. படித்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். அப்பாவின் அண்ணன் எந்தக் காலத்தில் செத்தார், எங்கே நின்றுகொண்டிருந்தார், தாத்தா எங்கே விழுந்தார் என்று துருவித் துருவிக் கேட்டாள். எனக்குச் சொந்தக்காரர்கள் கணக்கு மறக்காது. எல்லாரும் வெயில் காலத்தில். எல்லாரும் மத்தியானத்தில். எல்லாரும் அதே கடையின் பின்பக்கத்தில். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"நெஞ்சு இல்ல பெரியம்மா. அந்த ரூம்."

அன்றைக்குப் பிடித்த பயம்தான் அவளைச் சூட்டைப் பற்றி எழுத வைத்தது. வெளியில் எல்லாரும் அவளைத் தைரியசாலி என்பார்கள். அம்மாவும் போனபிறகு என் வீட்டில்தான் இருக்கிறாள், எனக்குத்தானே தெரியும்! காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் வானத்தைப் பார்ப்பாள். விருந்துக்குப் போனால் சாப்பாட்டைப் பார்க்க மாட்டாள், கூரையைப் பார்ப்பாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண். இத்தனை இடத்தைப் பற்றி எழுதியவள் அந்தச் சலவைக்கடையைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதவில்லை. அப்பாவுக்குப் பிறகு அவளைப் படிக்க வைத்தது பெரியவன். அவன் நிற்பது அப்பா நின்ற அதே மேஜை.

இந்த வெயில் காலம் மற்றதைப்போல இல்லை. வானம் மூடியே கிடந்தது, மழை இல்லை, காற்றும் இல்லை. வீட்டுச் சுவரெல்லாம் பிசுபிசுத்தது. பெரியவன் மனைவி போனில் கூப்பிட்டாள். சின்னவளுக்கு அண்ணி.

"அவருக்குக் கால் இழுத்துக்குது. தலைவலின்னு தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். நான் சொன்னா எடுபடல. ஊருக்கெல்லாம் எழுதுறியே, உங்க அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அந்த வார்த்தை அவளைச் சுட்டுவிட்டது. மறுநாளே கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

அந்தக் கடை குகை மாதிரி நீளமானது. முன்னால் துணி வாங்கும் மேஜை, நடுவில் சலவை மிஷின்கள், அதற்குப் பின்னால் கொடி கொடியாக ஆஸ்பத்திரி விரிப்புகள். கடைசியில் பாய்லர், அதன் பக்கத்தில் இஸ்திரி மேஜைகள். பின்சுவரில் ஒரு காலத்தில் ஜன்னல் இருந்தது. அலமாரி வைக்க இடம் வேண்டும் என்று எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே கால் வைத்ததுமே யாரோ கொதிக்கிற பானைக்குள் என் தலையைப் பிடித்து அமுக்கியது போல இருந்தது.

"வாடி ஈரத்துணி! பெரியம்மா, நீங்களுமா? ஆள் சேத்துக்கிட்டு வந்திருக்கா பாருங்க. என்ன, போராட்டமா?" என்றான் பெரியவன்.

"போராட்டம்தான். இஸ்திரி அக்கா, நீங்க நம்ம பக்கம்தானே?"

பக்கத்து மேஜையில் தலையணை உறை தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமலே, "என்னை இழுக்காதீங்கம்மா. அண்ணன் பக்கம் சம்பளம் இருக்கு. உங்க பக்கம் பேப்பர்தான் இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள், ஆனால் கண் பாய்லரை விட்டு அகலவில்லை.

"அண்ணா, மத்தியானம் மட்டும் பாய்லரை அணைச்சிடு. காலைல சீக்கிரம் ஆரம்பி. மிச்சத்தைச் சாயங்காலம் பாரு."

"ஆஸ்பத்திரி வேலைடி இது. வண்டி மத்தியானம் வந்து நிக்கும். விரிப்பு இல்லேன்னா நோயாளி வெறும் மெத்தையில படுப்பானா?"

"அப்பா விழுந்த இடத்துல நின்னுக்கிட்டு இருக்க நீ."

"அப்பாவுக்கு நெஞ்சு வீக். எனக்கு டாக்டர் வயரெல்லாம் ஒட்டி, ஓட விட்டுப் பாத்துட்டார். கல்லு மாதிரி இருக்காம் என் நெஞ்சு."

"கல்லுக்கு நாக்கு மட்டும் நீளம்" என்றேன் நான். அவன் கண்ணடித்தான்.

சின்னவள் கருவியை எடுத்தாள். அவன் கையை ஆட்டி மறுத்தான்.

"அந்த மெஷினை உள்ள வை. நம்பரெல்லாம் எனக்கு என்ன தெரியும்? பொறந்ததுலேருந்து எனக்குத் தெரிஞ்சது துணி ஒண்ணுதான்."

"அப்ப துணியவே மாட்டுறேன்."

"சலவைக்கடையில ஈரத்துணி காயலேன்னு பேப்பர்ல போடப்போறியா? மீன்கடையில மீன் நாத்தம்னு எழுதுற மாதிரி இருக்கும்டி!"

"இருக்கட்டும். நான் நகராட்சிக் கூட்டத்துக்குப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள இது காஞ்சிருந்தா, இந்த வெயில் காலம் முடியறவரைக்கும் இதைப்பத்தி வாயே திறக்க மாட்டேன். காயலேன்னா நீ மத்தியானம் பாய்லரை அணைக்கணும்."

பெரியவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தான். சொன்ன சொல்லை மாற்றாதவன் அவன், அது அவளுக்கும் தெரியும்.

"சரி. ஆனா நீ இங்க நின்னு அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கக்கூடாது. உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கே ஏதோ ஆயிட்ட மாதிரி இருக்கு."

மேஜைக்கு மேலே ஓர் ஆணி. அப்பா வேலைக்கு நிற்கும்போது சட்டையைக் கழற்றி மாட்டுகிற ஆணி. அதில் அந்தச் சட்டைத் துணியை நனைத்து மாட்டினாள்.

நகராட்சிக் கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். அவள் சரியாகப் பேசவில்லை. மத்தியான வேலை நிறுத்தத்தைச் சட்டமாக்க அவள் பல காலம் அலைந்த கூட்டம் அது. அதிகாரி கேள்வி கேட்க, அவள் வேறெதையோ பதில் சொன்னாள். மேஜைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்மா" என்று அவர் கோப்பை மூடியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. கடைக்குத் திரும்பினால் போதும் என்று இருந்தாள்.

திரும்பி வந்தபோது பெரியவன் ஆஸ்பத்திரி வண்டியில் மூட்டை ஏற்றிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தான். ஆவியில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. சின்னவள் கையை நீட்டி ஆணியில் இருந்த துணியைத் தொட்டாள். மொடமொடவென்று காய்ந்திருந்தது.

பெரியவனும் தொட்டுப் பார்த்தான். "அப்பளம்டி! அப்பளம்!" என்று கத்தினான். "பெரியம்மா, சாட்சி நீங்கதான். ஈரத்துணி தோத்துப்போச்சு!"

அவள் முகத்தை நான் பார்த்தேன். அண்ணனுக்கு ஆபத்தில்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள், கால் வைத்த இடத்தில் படியைக் காணாதவள்போல நின்றாள். துணியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தோம். தான் பயந்தது தப்பு என்று அந்த வாரக் கட்டுரையில் எழுத உட்கார்ந்தாள். இரண்டு வரி எழுதுவாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள்.

"என் உடம்பு சொன்னது ஒண்ணு, துணி சொன்னது ஒண்ணு. எதை நம்புறது பெரியம்மா?" என்றாள்.

மறுநாள் மேகம் விலகி வெயிலும் சேர்ந்துகொண்டது. எனக்குக் கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். கூட்டம் நெரிந்தது, ஜன்னல் திறந்திருந்தும் காற்று இல்லை. எனக்குக் கழுத்தெல்லாம் வழிந்தது. "இருங்க, நனைச்சுத் தர்றேன்" என்று சொல்லி அந்தத் துணியை எடுத்துப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பெரியம்மா, இது நாலா மடிஞ்சிருக்கு."

"மடிச்சு வெச்சா மடிஞ்சுதானே இருக்கும்?"

"நான் மடிக்கல." மடிப்புக் கோட்டை நகத்தால் தடவினாள். மூக்கருகே கொண்டுபோனாள். "ஆணியில காஞ்ச துணி சுருங்கி, ஆணி குத்தின இடத்துல புடைச்சிருக்கும். இது தகடு மாதிரி இருக்கு. இது பெட்டி போட்ட கோடு. யாரோ தேச்சிருக்காங்க."

சலவைக்காரர் மகளுக்கு அது தெரியாமல் போகுமா? நேற்றைய பதற்றத்தில் தொட்டாள், பார்க்கவில்லை.

"அப்ப அது காயல" என்றாள். குரல் கீழே போய்விட்டது. "பெரியம்மா, அந்தத் துணி காயவே இல்ல."

போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். பாய்லர் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நான் சொன்னேன். அண்ணி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சின்னவள் நடுவழியிலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். கண்டக்டர் திட்டினான். இறங்கினோம்.

கடைத்தெரு அங்கிருந்து நடை தூரம். ஆனால் என் கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

"நீ ஓடு. நான் வந்து சேர்றேன்."

"உங்களை இந்த வெயில்ல தனியா விட்டுட்டா? உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாதுடி, போ!"

பத்தடி ஓடுவாள், திரும்பி என்னைப் பார்ப்பாள். மறுபடி ஓடுவாள். மருந்துக்கடை நிழலில் நான் ஒதுங்கி நின்றதைப் பார்த்த பிறகுதான் தலைதெறிக்க ஓடினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிழல் நிழலாகத் தாவித் தாவிப் போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே பாய்லர் சீறிக்கொண்டிருந்தது. பெரியவன் நின்றுகொண்டுதான் இருந்தான். அதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. கிட்டே போனதும் வந்த உயிர் மறுபடி போனது. அவன் ஒரு தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்து, மடித்து, பிரித்து, மறுபடி அதையே தேய்த்தான். முகம் செங்கல் நிறம். அந்த வேக்காட்டில் அவன் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

"அண்ணன் ரொம்ப நேரமா ஒரே உறையைத்தான் தேச்சுக்கிட்டு இருக்கார். விளையாடுறார்னு நெனச்சோம்" என்றாள் இஸ்திரி அக்கா.

சின்னவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"அப்பா சாப்பிட்டாச்சா?" என்றான்.

நான் எத்தனையோ சாவு வீட்டுக்குப் போனவள். அந்த ஒரு கேள்விக்கு எனக்கு வந்த நடுக்கம் வேறெங்கும் வந்ததில்லை.

அவள் அழவில்லை, கத்தவில்லை. "பாய்லரை அணைங்க. இவரைத் தூக்குங்க" என்றாள். விரிப்பு எடுக்க வந்திருந்த ஆஸ்பத்திரி வண்டிக்காரர் ஓடிவந்து தோளைப் பிடித்தார். சந்தில் சுவர் நிழலில் படுக்க வைத்தோம். மிஷினிலிருந்து ஈர விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்து அவன் மேல் போட்டாள், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். முன்மேஜையில் இருந்த மின்விசிறியை வயரோடு இழுத்து வந்து அவன் பக்கம் திருப்பினாள். விரிப்பு சூடாகச் சூடாக மாற்றிக்கொண்டே இருந்தாள். "அண்ணா, என்னைப் பாரு. நான் யாரு சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் உதடு அசைந்தது, பேச்சு வரவில்லை.

இஸ்திரி அக்கா பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான்தாம்மா அந்தத் துணியைத் தேச்சேன். நீங்க மாட்டினதை என் கண்ணால பாத்தேன், பேசினதையும் கேட்டேன். ஆனா கொஞ்ச நேரத்துல எனக்குத் தலை என்னமோ மாதிரி ஆயிடுச்சு. எதுக்கு நிக்கிறோம்னே தெரியல. கை பாட்டுக்கு வேலை செஞ்சுது. ஈரமா, வெள்ளையா ஏதோ தொங்கிச்சு. எடுத்துத் தேச்சு, மடிச்சு, அங்கயே மாட்டிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனப்புறம்தான் லேசா ஞாபகம் வந்துச்சு. கனவோன்னு நெனச்சேம்மா."

சின்னவள் விரிப்பை மாற்றிய கையோடு அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். "உங்களுக்கும் நேத்தே ஆரம்பிச்சிருக்கு அக்கா. அந்த விரிப்பை எடுத்து உங்க தலையிலயும் போட்டுக்கிட்டு இந்த நிழல்ல உக்காருங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவன் கண்ணைத் திறந்து, "ஏண்டி, துவைச்ச விரிப்பையெல்லாம் தரையில போட்டு வெச்சிருக்க?" என்றான். அதைக் கேட்டபிறகுதான் அவள் அழுதாள். வண்டிக்காரர் விரிப்பு மூட்டைகளை இறக்கிவிட்டு அவனை ஏற்றிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைச் சோதித்தார்கள். கல்லு மாதிரி இருந்தது. கொதித்துப்போனது உடம்பு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மீட்டிருக்க முடியாது என்றார் டாக்டர். பெரியவன் படுத்திருந்த விரிப்பின் மூலையில் எங்கள் கடையின் நீலக் குறி இருந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அப்பாவும் இப்படித்தான் போனாராடி? நின்னுக்கிட்டே, ஒண்ணும் தெரியாமலே?"

இதைத்தான் அவள் இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டபோது, "தெரியலேண்ணா" என்று மட்டும் சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் அவள் நடந்ததை நடந்தபடி எழுதினாள், கையில் இருந்த மடிப்பைப் பார்க்காமல் விட்டதையும் சேர்த்து. முதலாளிமார்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். துணி சோதனையே ஏமாற்று என்று அவளே ஒப்புக்கொண்டாள் பார் என்று கடிதம் போட்டார்கள். நகராட்சிக் கூட்டம் இன்னும் தள்ளிக்கொண்டுதான் போகிறது. பெரியவன் மட்டும் பின்சுவரில் செங்கல்லைப் பெயர்த்து ஜன்னலைத் திறந்தான். வண்டி சாயங்காலம் வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தான். வரட்டுமே என்றார்கள். இத்தனை காலம் யாரும் கேட்டதில்லையாம்.

இப்போது வெயில் காலத்தில் தினமும் அவனே அந்த ஆணியில் துணியை மாட்டுகிறான். கீழே அட்டையில், "அக்கா, இதைத் தேய்க்காதீங்க" என்று எழுதி ஒட்டியிருக்கிறான். மத்தியானத்துக்கு முன்னால் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட வேண்டும். அது அவர்களுக்குள் பேச்சு.

இன்றைக்கு அந்தப் போன் வரவில்லை. வானம் மூடிக் கிடக்கிறது. சின்னவள் எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு ஜன்னலோரம் நிற்கிறாள், விரல் வாயில். இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, "பெரியம்மா, நான் ஒரு எட்டு..." என்று ஆரம்பிக்கும்போது போன் அடிக்கிறது. தூர இருக்கிற எனக்கே அவன் குரல் கேட்கிறது.

"சார்ஜ் போயிடுச்சுடி, அதுக்குள்ள ஏன் உயிரை வாங்குற? ஈரமாத்தான் இருக்கு. அணைச்சாச்சு."

அவள் செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். "இஸ்திரி அக்கா வெளிய வந்தாச்சா?" என்று கேட்கிறாள்.